இடது கன்னத்தில் இருந்த சாமி

ஐம்பது வயது தாண்டும் வரை சமுத்திரத்துக்கு ஊரில் மரியாதை என்று ஒன்று கிடையாது. இதைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கே தெரிந்த விஷயம்தான். சேத்தூரிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வருஷக்கணக்காக ஒரே பஸ், ஒரே தோல்பை, ஒரே விசில். சில்லறை இல்லாவிட்டால் பால் மிட்டாயை எடுத்து நீட்டுவார். வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்கள் உண்டு, வாங்காமல் திட்டுகிறவர்களும் உண்டு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி, சாவு விழுந்த துட்டி வீட்டில் கால் உடைந்த நாற்காலி. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பட்டாளம், மீதிப் பேர் போலீஸ். அந்தக் கூட்டத்தில் விசில் ஊதிப் பிழைக்கிறவனை யார் சீந்துவார்கள்? போலீஸ்காரரும் விசில்தான் ஊதுகிறார். ஆனால் அந்த விசில் வேறு.

அப்படிப்பட்ட மனிதரின் இடது கண் ஒருநாள் துடித்தது.

முதலில் கீழிமை மட்டும்தான். உலை கொதிக்கிற மாதிரி ஒரு சின்னத் துள்ளல். மனைவி மாரீஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைக்கு இடது கண்ணு துடிக்கப்படாது, ஏதோ ஆகாதது வருது" என்றாள். வந்தது என்னவோ அவளுடைய தம்பிதான். வந்தான், தின்றான், போனான். துடிப்பு போகவில்லை. மாதங்கள் போகப் போக இமையிலிருந்து கன்னத்துக்கு இறங்கி, உதட்டோரம் வரைக்கும் வந்து, இடது பக்க முகத்தையே யாரோ உள்ளே இருந்து கயிறு கட்டி இழுப்பது போல இழுக்கத் தொடங்கியது. வலது பக்கம் பார்த்தால் சமுத்திரம், இடது பக்கம் பார்த்தால் வேறு யாரோ.

அந்த வேறு யார் என்பதை ஊர் கண்டுபிடித்துவிட்டது.

இவர்களுடைய குலசாமி இருளப்பசாமி கண்மாய்க்கரையில் இருக்கிறார். சமுத்திரத்தின் பெரியப்பாதான் அவருக்குச் சாமியாடி. உறுமி முழங்கினால் பெரியவருக்கு முதலில் இடது கண் பாதி மூடும், பிறகு இடது கன்னம் மேலே ஏறும், அப்புறம்தான் ஆட்டம். அவர் செத்த பிறகு மூன்று பங்குனிப் பொங்கலுக்குச் சாமி யார் மேலும் இறங்கவில்லை. இறங்கினால் தன் மேல்தான் இறங்கும் என்று பெரியவரின் மகன் பாண்டிதுரை நம்பிக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாம் சீனியாரிட்டிப்படிதான் நடக்கும் என்பது அவருடைய எண்ணம்.

அந்தப் பங்குனிப் பொங்கல் உச்சிப்பூசையில் பாண்டிதுரை முன்வரிசையில் அணிவகுப்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். சாமி அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எல்லோருடைய செருப்புக்கும் காவலாகப் பின்னால் நின்ற சமுத்திரத்தின் இடது கண் சுருங்கி, கன்னம் இழுத்து, வாய் கோணியது. கோவில் பொறுப்பைப் பார்க்கிற சோலைச்சாமிதான் முதலில் கண்டார்.

"ஏலே, அங்க பாருங்கலே! பெரியவர் முகம்லா அது!"

யாரைச் சொல்கிறார் என்று சமுத்திரமும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் வேலிக் கருவைதான் இருந்தது. அதற்குள் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள், கழுத்தில் மாலை விழுந்துவிட்டது, கையில் அரிவாளைத் திணித்துவிட்டார்கள். இத்தனையும் ஆன பிறகு சும்மா நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆடினார். உள்ளங்கால் சுட்டது, பொங்கல் பானையை மிதித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அது தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை. சாமி வந்தால் இப்படித்தான் இருக்கும் போல, வந்ததே தெரியாது போல என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவருடைய ராஜயோகம். அடுத்தடுத்த பொங்கலுக்கும் அவர்தான் ஆடினார். தலையில் பரிவட்டம், கையில் முதல் திருநீறு, கல்யாண வீட்டில் முதல் பந்தி. கூப்பிடுகிறவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "சாமி" என்றார்கள். நிலத்தில் போர் போடலாமா, பெண்ணைக் கட்டிக்கொடுக்கலாமா, பட்டாளத்துக்குப் போன பையனிடமிருந்து போன் வருமா என்று வந்து கேட்டார்கள். அவர் பேசுவதற்கு முன்பே எல்லோரும் அவருடைய இடது கன்னத்தைப் பார்ப்பார்கள். கன்னம் துள்ளினால் ஆமாம், துள்ளாவிட்டால் இல்லை. இருபத்தைந்து வருஷமாக அவர் பேச்சைக் கேட்டதே இல்லாத மாரீஸ்வரிகூட, காபியைக் கொண்டுவந்து கையில் கொடுக்கத் தொடங்கினாள். அதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும்? முதன்முதலாகத் தான் ஒரு ஆள் என்று அவருக்கே தோன்றியது. அந்த நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இருளப்பசாமி கண்மாய்க்கரையோடு நிற்கவில்லை. பஸ்ஸிலும் ஏறிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா ஏறினார். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுத் துளசி மாலையும் கையுமாக வந்தவர். "எங்கம்மா போகணும்?" என்று கேட்ட சமுத்திரம், கேட்ட கையோடு கண்ணையும் அடித்தார். அந்த அம்மா கிருஷ்ணன்கோவில் என்று சொல்வதற்கு முன்னால் கைப்பை பேசிவிட்டது. "பேரன் பேத்தி எடுக்குற வயசுல கண்ணா அடிக்கே? ஆண்டாள் வாசல்ல வச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து பஸ்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். இது சாமி சமாச்சாரம் என்று சமுத்திரம் விளக்கப் போனார். அதற்கும் ஒரு அடி விழுந்தது. பிறகு ஒரு கல்லூரிப் பெண் அவரைப் போனில் படம் பிடித்து, 'கண்ணடிக்கும் கண்டக்டர்' என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். பஸ் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா உங்க சாமியக் கூட்டிக்கிட்டு வீட்ல இருங்க" என்றார்.

டிரைவர் அழகுராஜாதான் வழி சொன்னவர். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. "ஏமண்ணா, இதுக்குப் போய் மொகத்தத் தொங்கப் போடுதீங்க? எங்க மச்சானுக்கு வாதம் வந்து கை இப்படி மடங்கிப்போச்சு, விரலப் பிரிக்க முடியாது. மதுரையில இருந்து ஒரு டாக்டரம்மா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க ஊருக்கு வாராங்க. ஒரு ஊசி போட்டாங்க, கை எளகிருச்சு. நீங்களும் போய்க் காட்டுங்கண்ணா."

சமுத்திரம் உடனே கிளம்பிவிடவில்லை. இரண்டு சனிக்கிழமை வயிற்று வலி, ஒரு சனிக்கிழமை கரிநாள். கடைசியில் மாரீஸ்வரியிடம் உண்மையைச் சொன்னார்.

"ஊசியப் போட்டு, சாமி போயிருச்சுன்னா என்னட்டி செய்ய?"

"நெசமான சாமின்னா ஊசிக்குப் பயந்து ஓடுமாக்கும்?" என்றாள் அவள். அந்தக் கேள்விதான் அவரை அன்று ராத்திரி முழுவதும் தூங்கவிடவில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை ராஜபாளையம் போனார்கள். டாக்டரம்மா அவர் முகத்தைச் செத்த நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் பார்க்கிற அதே இடத்தைத்தான் அவரும் பார்த்தார், ஆனால் கையெடுத்துக் கும்பிடவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டு வந்ததும், "பெரிய கோளாறு ஒண்ணும் இல்லை. முகத்துக்கு வர்ற நரம்பை ஒரு ரத்தக்குழாய் உரசிக்கிட்டே இருக்கு. அதனாலதான் துடிக்குது" என்றார்.

"அப்ப சாமி இல்லையாம்மா?" என்று சமுத்திரம் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"சாமியா?"

மாரீஸ்வரி மேசைக்குக் கீழே காலை மிதித்தாள். "ஒண்ணுமில்லம்மா. ஊசியில என்ன மருந்துன்னு கேக்காக."

டாக்டரம்மாவுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. "மருந்துன்னா, அது ஒரு விஷம். கெட்டுப்போன டப்பாச் சாப்பாட்டுல ஒரு கிருமி உண்டாக்குறது. நிறைய உள்ள போனா ஆளையே முடக்கிரும், மூச்சுகூட நின்னுரும். அதையே துளியிலும் துளியா எடுத்து, துடிக்கிற சதையில மட்டும் போட்டா, அந்தச் சதை மட்டும் சும்மா இருக்கும்."

"சினிமாக்காரிக மூஞ்சியில போடுததா பேசிக்கிடுதாகளே, போட்டாக்ஸோ என்னமோ?"

"அதேதான். அவங்க சுருக்கம் தெரியாம இருக்கப் போடுறாங்க. நான் துடிப்புக்குப் போடுறேன். கழுத்து ஒரு பக்கமாத் திருகிக்கிட்டவங்க, கை மடங்கினவங்க, தீராத ஒத்தத் தலைவலிக்காரங்க, எல்லாருக்கும் இதுதான். மூணு நாலு மாசம் நிக்கும், அப்புறம் திரும்ப வரும், திரும்பப் போடணும். சில பேருக்கு இமை கொஞ்சம் சரியும். பயந்துராதீங்க, கொஞ்ச வாரத்துல தானா ஏறிக்கும். ஊசி போட்ட இடத்தை மட்டும் தேய்க்கக் கூடாது."

நடிகைக்குப் போடுகிற ஊசி சேத்தூர் கண்டக்டருக்கு! அந்தப் பெருமையிலேயே மாரீஸ்வரி பாதி சம்மதித்துவிட்டாள். மீதிப் பாதி சமுத்திரம் சம்மதிக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருளப்பசாமியிடம் மன்னிப்புக் கேட்டார். மெல்லிய ஊசி, கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் எறும்பு கடித்த மாதிரி சில குத்துகள், முடிந்தது. பெரியப்பாவை ஆட்டிவைத்த சாமியைக் கொசுக்கடியில் அடக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. இடது பக்கம் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. சிரித்துப் பார்த்தார். வலது பக்கம் சிரித்தது, இடது பக்கம் லேசாகச் சோம்பல் பட்டது. அதனால் என்ன? பஸ்ஸில் பெண்கள் அவர் முகத்தைப் பார்த்து டிக்கெட் கேட்டார்கள். அதே துளசி மாலை அம்மா ஏறி, அவரை அடையாளம் தெரியாமல், "தம்பி, கிருஷ்ணன்கோவில் ஒண்ணு" என்றார். மிச்சத்துக்கு மிட்டாய் கொடுத்ததற்குக்கூட அன்று அவர் திட்டவில்லை. சமுத்திரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் மாசி மாதம் வரைக்கும்தான். பங்குனி நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. காப்புக் கட்டு அன்று கோவிலில் முகத்தைக் காட்ட வேண்டும். சாமியாடி கையில் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊர் அந்தக் கன்னத்தைப் பார்க்கும். அது அசையாவிட்டால் பரிவட்டம் போகும், முதல் பந்தி போகும், மாரீஸ்வரியின் காபியும் போகும். மறுபடி செருப்புக் காவல்.

பார்த்தார்கள். சோலைச்சாமி காப்புக் கயிறும் கையுமாக வெகுநேரம் பார்த்தார். உறுமிக்காரர் தனியாகக் கொஞ்சம் அடித்துப் பார்த்தார், ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்துப் பார்ப்பது போல. சமுத்திரம் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார், வேண்டிய மட்டும் முக்கிப் பார்த்தார். வலது கன்னம்தான் ஏறியது. அது யாருக்கு வேண்டும்? அது சமுத்திரத்தின் கன்னம்.

"சாமி கோவிச்சுக்கிட்டுல்லா போயிருச்சு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பஸ்ஸுல தீட்டு எம்புட்டு? எல்லாரும்லா ஏறுதாக" என்று இன்னொரு குரல் சட்டம் பேசியது. போன வருஷம் இவர் காலில் விழுந்து பேரனுக்குப் பேர் கேட்ட ஆள்தான் அது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டிதுரை வந்து சேர்ந்தார். மீசையும் தலையும் கன்னங்கரேல் என்று சாயம் அடித்து, கண்ணில் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, சாமி முன்னால கண்ணாடியா? கழட்டுங்க" என்றார் சோலைச்சாமி.

"கண்ணு வலிப்பா. இருக்கட்டும்."

"அதெல்லாம் முடியாது அண்ணாச்சி. பெரியவர் இருந்தா விடுவாரா?"

பாண்டிதுரை தயங்கித் தயங்கிக் கழற்றினார். இடது கண் பாதி மூடிக் கிடந்தது.

குலவை கிளம்பியது பாருங்கள், கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. "பெரியவர் கண்ணு! அப்படியே பெரியவர் கண்ணு!" என்று சோலைச்சாமி தரையில் விழுந்தார். மானம் போகப்போகிறது என்று நடுங்கி வந்த பாண்டிதுரைக்கு என்ன நடக்கிறது என்று முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டினார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்கள். இங்கே நொள்ளைக் கண்ணனுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது, நல்ல கண்ணனுக்குத்தான் உள்ளதும் போனது.

சமுத்திரம் ஓரத்தில் நின்று பாண்டிதுரையின் நெற்றியைப் பார்த்தார். முப்பது வருஷம் கைதிகளை ஒண்ணுக்குப் போகவைத்த நெற்றி அது. புருவத்துக்கு நடுவே கத்தியால் கீறின மாதிரி இருந்த கோடுகளில் ஒன்றைக்கூடக் காணோம். இஸ்திரி போட்ட சட்டை போல இருந்தது. டாக்டரம்மா சொன்னது காதில் திரும்பக் கேட்டது: சில பேருக்கு இமை கொஞ்சம் சரியும்.

மறுநாள் காலையில் பாண்டிதுரை கறுப்புக் கண்ணாடியோடு அவருடைய பஸ்ஸிலேயே ஏறினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூரா அண்ணே?" சமுத்திரம் டிக்கெட்டை நீட்டிவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குன்னா அலைய வேண்டாம். இமை தானா ஏறிரும். எனக்கும் டாக்டரம்மா சொல்லித்தான் விட்டாக."

பாண்டிதுரைக்குக் கோபம் வந்தது. வாய்க்கு வந்தது, கைக்கு வந்தது, நெற்றிக்கு மட்டும் வர முடியவில்லை. "ஏலே, யாருகிட்டப் பேசுதேன்னு தெரியுதா?" என்று உறுமினார். முகம் என்னவோ குழந்தை வரம் கேட்கிற மாதிரி சாந்தமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பயப்படவே இல்லை.

"தெரியுதுண்ணே. ரெண்டு பேரு மூஞ்சியிலயும் ஒரே மருந்துதான்."

பாண்டிதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "அறுபதாம் கல்யாணம் வருதுல்லா. மருமக போட்டோவப் பாத்துட்டு, மாமா எல்லாத்துலயும் மொறைச்சுக்கிட்டே இருக்கீகன்னா. ஒரு எடத்துல போய் ஊசியப் போட்டேன். தேய்க்காதீகன்னுதான் நர்ஸம்மா சொன்னாக. நான் நேரா மீசைக்குச் சாயம் அடிக்கச் சலூனுக்குப் போனேன். அவன் தலைக்கும் நெத்திக்கும் சேத்து நல்லா மசாஜ் பண்ணி விட்டுட்டான்."

ஊரில் எவன் சொன்னாலும் கேட்காத மனிதர், நர்ஸ் சொன்னதையா கேட்பார்? சமுத்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. வலது பக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிராதலே" என்றார் பாண்டிதுரை. இந்தத் தடவை அது அதிகாரம் இல்லை.

"என்னத்தச் சொல்ல? ஒங்களச் சொன்னா என்னையும்லா சொல்லணும்." விசிலை ஊதிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். பாவம் என்று தோன்றியது. எரிச்சலாகவும் இருந்தது. அந்தப் பரிவட்டம் தன் தலையில் இருந்தது என்பதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

பொங்கல் அன்று உச்சிவேளை. பாண்டிதுரை பாதிக் கண்ணோடு ஆடினார். ஆட்டமா அது? லெப்ட் ரைட் லெப்ட் ரைட் என்று அரிவாளை ஏந்திக்கொண்டு கோவிலைச் சுற்றினார். குறி கேட்டவர்களுக்கு, "விசாரிச்சு நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வாக்குக் கொடுத்தார். சாமி போலீஸ் பாஷை பேசுவதைக் கேட்டுக் கூட்டம் மெய்சிலிர்த்துப் போனது.

சமுத்திரம் பழைய இடத்தில் நின்றார், செருப்புகளுக்குப் பக்கத்தில். தோல்பை தோளில் தொங்கியது, மத்தியானத்துக்கு மேல் டூட்டி இருந்தது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உறுமி மேலே மேலே ஏறியது. போன வருஷம் வரைக்கும் இந்தச் சத்தம் கேட்டாலே அவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும், ஆட வேண்டுமே, தப்பில்லாமல் ஆட வேண்டுமே என்று. இன்று அந்தப் பயம் இல்லை. ஆட வேண்டிய அவசியமே இல்லை. சும்மா நின்று கேட்டார்.

அப்போதுதான் அது வந்தது.

உள்ளங்காலில் தொடங்கியது. சூடு இல்லை, சூடு அவருக்குப் பழக்கம். முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, முதுகுத்தண்டில் ஏறியபோது மூச்சு நின்று திரும்பியது. அவர் ஆடவில்லை, அவரை ஏதோ ஆட்டியது. கண்ணில் நீர் தாரையாக ஊற்றியது, ஏன் என்று தெரியவில்லை. தான் கண்டக்டர் என்பதோ, சேத்தூர் என்பதோ, செருப்பு, பரிவட்டம், பாண்டிதுரை என்பதோ எதுவும் அங்கே இல்லை. பெரியப்பா ஒருகாலத்தில், "வரும்போது நீ இருக்கமாட்டலே" என்று சொன்னது இதைத்தான். இத்தனை பொங்கல் மாலையும் கழுத்துமாக ஆடியபோது ஒருநாளும் வராதது, செருப்புக் காவலுக்கு நின்றவனிடம் வந்து நின்றது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். உடம்பு முழுவதும் நடுங்கியது. முகம் மட்டும் ராஜபாளையத்தில் வாங்கிய அமைதியோடு அப்படியே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பி அவருடைய இடது கன்னத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "ஏம்மா மாரீஸ்வரி, ஒங்க வீட்டுக்காரருக்கு வெயிலு தாங்கலபோல. கை கால் ஒதறுதே" என்றார்.

மாரீஸ்வரி ஓடி வந்தாள். "காலையில சாப்பிடாமக் கெளம்பாதீகன்னு சொன்னேன்லா! சுகர் எறங்கிருச்சு, அதான் ஒதறுது. பிடிங்க, பிடிங்க." தோல்பைக்குள் கையை விட்டு, சில்லறைக்குக் கொடுக்கிற பால் மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, இருளப்பசாமி இருந்த வாயில் திணித்தாள். இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருவர் சோடா உடைத்து முகத்தில் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. சமுத்திரம் மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

"பதவி போன வருத்தம்" என்றார் சோலைச்சாமி, இரக்கத்தோடு.

வைகாசியில் மருந்தின் வேகம் குறைந்தது. முதலில் இமை, பிறகு கன்னம், பழைய வரிசை மாறாமல் திரும்பி வந்தன. அதற்குள் பாண்டிதுரையின் கண் முழுசாகத் திறந்துவிட்டது, நெற்றியில் பழைய கோடுகளும் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டன. ஊர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. கணக்கு சரியாக வந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் சோலைச்சாமி நாலு பேரோடு வந்துவிட்டார். தாம்பாளத்தில் பரிவட்டம், மாலை, தேங்காய், பழம். மாரீஸ்வரி அப்போதுதான் ராஜபாளையம் போவதற்குப் பையை எடுத்துவைத்திருந்தாள். சமுத்திரம் வெள்ளைச் சட்டை போட்டு வாசலுக்கு வந்தார். வந்தவர்களில் ஒருவர்கூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் இடது கன்னத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"சாமி மனசு எறங்கி நம்மகிட்டயே திரும்பிருச்சு" என்றார் சோலைச்சாமி. "பரிவட்டத்த ஏத்துக்கிடணும்."

அந்தத் துணியை அவர் எத்தனை நாள் நினைத்து ஏங்கியிருக்கிறார். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டாம், சும்மா தலையை நீட்டினால் போதும்.

"இது நரம்புப்பா" என்றார் சமுத்திரம். "ரத்தக்குழாய் ஒரசுது, அதான் துடிக்கு. இதுல ஒண்ணுமே இல்ல. இத வச்சு நான் ஆடுன ஆட்டத்துலயும் ஒண்ணுமே இல்ல. பங்குனிப் பொங்கலுக்கு மூஞ்சி அசையாம, செருப்புப் பக்கத்துல நின்னேம்லா? அன்னைக்குத்தான் அவரு வந்தாரு. ஒங்க ஒருத்தருக்கும் தெரியல."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஊருக்கு உண்மையான வாக்குச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கன்னம் மூன்று முறை துள்ளிவிட்டது.

"உத்தரவு சாமி!" என்று சோலைச்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மற்ற நால்வரும் விழுந்தார்கள். "சாமி நம்மளச் சோதிக்குதுலே. இந்த வாக்குக்கு என்ன அர்த்தம்னு ஊர்க்கூட்டம் போட்டுத்தான் பேசணும்."

சமுத்திரம் தலையில் அடித்துக்கொண்டார். அவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கினார். மாரீஸ்வரி பையோடு பின்னாலேயே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றதும் அவர் முன்னால் வந்து நின்றாள். கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நெசமாவா?"

"ஆமாட்டி. ஊசிக்கு ஓடல. ஊசி போட்ட பொறவுதான் வந்துச்சு."

அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! சாமி வாயிலயா நான் மிட்டாயத் திணிச்சேன்? தெய்வக் குத்தம்லா! இப்ப நான் என்ன செய்வேன்?"

ராஜபாளையம் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இத்தனை பேரில் தன்னை நம்புவதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பது சமுத்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். "அவரு தின்னுட்டுத்தான் போனாரு."